யாருக்கு எந்த சூப்

நான் மூன்றாம் வகுப்பு வரை படித்தவன். தமிழை எழுத்துக் கூட்டி வாசிப்பேன். கையெழுத்து வைப்பேன். அதற்கு மேல் எழுத வராது. இங்கிலிஷ் கதைப்பேன், ஒரு எழுத்தும் தெரியாது. இதைக்கூட நான் சொல்ல என் மகள் எழுதுகிறாள்.

திருகோணமலையில் வெள்ளைக்கார நேவி இருந்த காலத்தில் அவர்களின் ஒஃபிசர் மெஸ்ஸில் பதினொரு வருடம் மேசைக்கு நின்றேன். யாருக்கு என்ன வேண்டும் என்று கேட்டு, குசினியில் சொல்லி, வாங்கி வந்து வைப்பது வேலை. மற்றவர்கள் கடதாசித் துண்டில் எழுதினார்கள். நான் கரண்டியில் குறித்தேன்.

மீன் கேட்டவருக்கு மீன் கத்தி வைப்பது, இறைச்சி கேட்டவருக்கு இறைச்சிக் கத்தி வைப்பது எல்லோரும் செய்வதுதான். சூப்புக்கு மட்டும் எல்லோருக்கும் ஒரே கரண்டி. அதற்கு நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். ஒரு சூப்புக்குக் கரண்டியை இருந்த இடத்திலேயே விடுவேன். மற்ற சூப் கேட்டவரின் கரண்டியை ஒரு விரல் அளவு கீழே இழுத்து விடுவேன். மேசைவிரிப்பைச் சரி செய்கிறேன் என்று நினைப்பார்கள். திரும்பி வரும்போது கரண்டிகளைப் பார்த்தால் எனக்குப் போதும். ஆட்களின் முகத்தைப் பார்க்கத் தேவையில்லை. முகத்தைப் பார்க்கக் கூடாது என்பதும் அங்கே சட்டம்.

பதினொரு வருடத்தில் ஒரு பிழை வரவில்லை. அதை என் கெட்டித்தனம் என்று நினைத்திருந்தேன்.

நேவி போனதும் மெஸ்ஸைப் பூட்டினார்கள். ஐந்து மாதம் துறைமுகத்து ஜெட்டியில் மூட்டை தூக்கினேன். கிடைத்தால் வேலை, இல்லாவிட்டால் இல்லை. வீட்டில் மனைவி, இரண்டு பெண் பிள்ளைகள்.

ஒரு நாள் காலை என் கூட்டாளி வந்தான். கிண்ணியாக்காரன், லோஞ்ச் படகு ஓட்டுகிறவன். லண்டனுக்குப் போகிற பயணிகள் கப்பல் ஒன்று துறைமுகத்தின் நடுவில் நங்கூரம் போட்டு நின்றது. அதில் மேசைக்கு நிற்கிற மூன்று பேருக்குக் காய்ச்சலாம். ஆள் தேடுகிறார்களாம்.

"மச்சான், வீட்டில இருந்து மீசை முறுக்கினது காணும், வா," என்றான்.

"எனக்கு மீசை இல்லையே."

"அதுதான் கேக்கிறன். முறுக்க ஒண்டும் இல்லாதவனுக்கு வீட்டில என்ன வேலை?"

எழுதச் சொன்னால் என்ன செய்வது என்று கேட்டேன். மெஸ்ஸில் எத்தனை வருடம் எழுதினாய் என்று திருப்பிக் கேட்டான். நான் சட்டையைப் போட்டேன். மனைவி வாசல் வரை வந்தாள். "நீங்கள் பிழை விடுற ஆள் இல்லை," என்று மட்டும் சொன்னாள்.

கப்பலில் தலைமை ஸ்டூவர்ட் ஒரு கோவாக்காரர். தலை முழுக்க நரை. உடுப்பில் ஒரு சுருக்கம் இல்லை. என் நகங்களைப் பார்த்தார். ஒரு சாப்பாட்டுப் பீங்கானை மேசையில் வைத்து எடுக்கச் சொன்னார். இடது பக்கத்தால் வைத்தேன், வலது பக்கத்தால் எடுத்தேன். தலையாட்டினார். பிறகு சொன்னார்: இன்றைக்கு இரண்டாவது பந்தியில் ஒரு மேசை உனக்கு. நாலு பேர். ஒழுங்காக முடிந்தால் உன் பெட்டியைக் கொண்டு வா, ஆறு மணிக்கு நங்கூரம் தூக்குகிறோம். வேலை ஒரு பயணத்துக்கு அல்ல, நிரந்தரம்.

மூன்று சட்டம் சொன்னார். அவர்கள் பேசினால் ஒழியப் பேசாதே. பெண்களுக்கு முதலில் வை. சாப்பாட்டைக் கையில் வைத்துக்கொண்டு இது யாருக்கு என்று கேட்காதே. மூன்றாவதை இரண்டு தரம் சொன்னார். அப்படிக் கேட்கிறவனுக்குத் தன் கப்பலில் இடமில்லை, அவன் சந்தையில் மீன் விற்கலாம் என்றார். ஒரு சின்னக் கொப்பியும் பென்சிலும் தந்தார். வாங்கிச் சட்டைப் பையில் வைத்தேன்.

சாப்பாட்டு மண்டபம் நான் கண்ட கோயில் மண்டபங்களை விடப் பெரியது. என் மேசையின் ஒரு முனை யன்னலோடு முட்டியிருந்தது. ஒரு பக்கம் இரண்டு பெண்கள், அக்காவும் தங்கையும், அறுபது தாண்டியவர்கள். எதிரே இரண்டு ஆண்கள். நாலு பேரும் அட்டையைப் பார்த்துச் சாப்பாடு சொன்னார்கள். நான் கொப்பியில் பென்சிலை ஓட்டினேன். வெறும் கோடு. கண் கரண்டியில் இருந்தது.

சூப் இரண்டு வகை. றால், கோழி. மூன்று பேர் றால் சொன்னார்கள். யன்னலோடு ஒட்டி இருந்த பெண் கோழி என்றார். பிறகு என்னை நிறுத்தி, றால் தனக்கு ஒரு சொட்டும் ஆகாது என்றார். ஒருமுறை தெரியாமல் சாப்பிட்டுத் தொண்டை அடைத்து, டொக்டர் ஊசி போட்டுத்தான் மூச்சு வந்ததாம். உயிரே போயிருக்கும் என்றார். சிரிப்புக் குரலில்தான் சொன்னார். நான் சரி மேடம் என்றேன். மேசைவிரிப்பைத் தடவி அவருடைய கரண்டியை ஒரு விரல் கீழே இழுத்தேன்.

அந்த நேரத்திலும் அவருடைய முகத்தை நான் பார்க்கவில்லை. பழக்கம்.

குசினியில் நெரிசல். கால் மணித்தியாலம் நின்றேன். நாலு சூப் கிடைத்தது. மூன்று றால், ஒன்று கோழி. இரண்டுக்கும் மேலே பால் ஆடை ஊற்றிப் பச்சை இலை தூவியிருந்தார்கள். நிறம் கிட்டத்தட்ட ஒன்றுதான். நாலையும் ஏந்திய பெரிய தட்டில் கோழியை என் கட்டை விரல் பக்கம் வைத்தேன்.

மண்டபத்துக்குள் வந்து மேசையைப் பார்த்ததும் கால் நின்றுவிட்டது.

பெண்கள் இருந்த கதிரைகளில் இப்போது இரண்டு ஆண்கள். பெண்கள் இருவரும் எதிர்ப் பக்கம் போய் இருந்தார்கள்.

நடந்தது பிறகு விளங்கியது. மத்தியானம் திரும்பினால் இங்கே கடல்காற்று எழும்பும். நங்கூரத்தில் நிற்கிற எந்தக் கப்பலும் அதோடு சுற்றித் தலையைக் காற்றுக்குக் கொடுக்கும். தண்ணீரில் பட்ட வெயில் யன்னலால் சாய்வாக உள்ளே வந்து பெண்களின் முகத்தில் அடித்திருக்கிறது. கண் கூசுகிறது என்று அவர்கள் சொல்ல, ஆண்கள் இடம் மாறிக் கொடுத்திருக்கிறார்கள். இந்தத் துறைமுகத்தில் பிறந்தவன் நான். காற்று திரும்பும் நேரம் எனக்குத் தெரியும். அது கரண்டியையும் திருப்பும் என்று நினைக்கவில்லை. மெஸ்ஸில் ஒஃபிசர்மாருக்குப் பதவிப்படி இடம். வெயில் அடித்தாலும் மழை அடித்தாலும் அவரவர் கதிரைதான். பதினொரு வருடம் என்னைக் காப்பாற்றியது அந்தக் கதிரைகள். என் கெட்டித்தனம் இல்லை.

கீழே இழுத்த கரண்டி இப்போது ஒரு ஆணின் முன்னால் கிடந்தது.

பெண்களைப் பார்த்தேன். முகத்தைத்தான் பார்த்தேன். ஒரே நரை. ஒரே மாதிரிக் கண்ணாடி. நீலச் சட்டை இருவருக்கும். கைகளைப் பார்த்தேன். இரண்டு பேருக்கும் சுருங்கிய வெள்ளைக் கை, மோதிரம் இல்லை. யாராவது வாய் திறந்தால் குரலை வைத்துப் பிடிக்கலாம் என்று பார்த்தேன். ஆண்கள்தான் கதைத்துக்கொண்டிருந்தார்கள்.

கோவாக்காரர் பத்தடி தூரத்தில் அலுமாரியோடு நின்றார். என்னைத்தான் பார்த்தார். திரும்பிக் குசினிக்குப் போக ஏலாது, அவரைத் தாண்டித்தான் போக வேண்டும். ஆண்களுக்கு முதலில் வைத்து நேரம் எடுக்கவும் ஏலாது, அது இரண்டாவது சட்டம்.

மேசை வரை நடந்தேன். முன்பு யன்னலோடு இருந்தவர் எழும்பி வந்தால் எந்தக் கதிரை கிட்ட? வெளியே, நடைபாதைப் பக்கம் இருந்தவர் முதலில் எழும்பியிருப்பார். முதலில் எழும்பியவர் சுற்றிப் போய் உள்ளே, யன்னலோடு இருந்திருப்பார். அப்படியானால் யன்னல்காரி இப்போது வெளியே. இப்படி ஒரு கணக்குப் போட்டேன். சரியான கணக்கா என்று தெரியாது. உள்ளே இருந்தவருக்கு இடது பக்கத்தால் றாலை வைத்தேன். மற்றவருக்குக் கோழியை வைத்தேன்.

இரண்டு பேரும் நன்றிக்குத் தலையை மட்டும் ஆட்டினார்கள். சூப்பைப் பார்க்கவில்லை. நான் கொண்டு வந்தது தாங்கள் கேட்டதுதான் என்ற நம்பிக்கை.

ஆண்களுக்கும் வைத்தேன். முடிந்தது. இரண்டடி பின்னால் போய்ச் சுவரோடு நிற்க வேண்டும். நின்றேன். அந்த வேலை, அந்தக் கப்பல், மாதா மாதம் வீட்டுக்குப் போகும் பணம், எல்லாம் இனி நான் வாய் திறக்காமல் நிற்பதில் இருந்தது.

உள்ளே இருந்த பெண் உப்பு போட்டார். மிளகுத் தூள் போட்டார். கரண்டியை எடுத்தார். அதைச் சூப்புக்குள் விட்டுக் கலக்கினார். பக்கத்தில் இருந்த பெண்ணைத் திரும்பிப் பார்த்து, கரண்டியைத் தூக்கினார்.

"மேடம்," என்றேன். "றால் ஆகாது என்றது யார்?"

மண்டபத்தில் அது கேட்டது. பக்கத்து மேசைகளில் தலை திரும்பியது. கரண்டி வாய்க்கு முன்னால் நின்றது.

"நான்தான்," என்றார் வெளியே இருந்தவர். கோழி சூப்பின் முன்னால் இருந்தவர். என் கணக்குச் சரி. எல்லாம் சரியான இடத்தில்தான் இருந்தது.

ஒரு ஆண் கையைத் துடைத்த துணியை மேசையில் போட்டு, இவன் எழுதி எடுக்கவில்லையா என்று கேட்டார். மற்றவர் தன் சூப்பை மணந்து பார்த்தார். வெளியே இருந்த பெண் மட்டும் கோழிதானே என்று கரண்டியால் கிளறிப் பார்த்துவிட்டுச் சாப்பிடத் தொடங்கினார். கோவாக்காரர் வந்தார். சிரித்த முகத்தோடு மன்னிப்புக் கேட்டார். என் கையில் இருந்த தட்டைத் தான் வாங்கிக்கொண்டார். மிச்சச் சாப்பாட்டைத் தானே நின்று பரிமாறினார்.

பந்தி முடிந்து என்னைக் கூப்பிட்டார். கொப்பியைக் கேட்டார். கொடுத்தேன். என் கோடுகளைப் பார்த்தார்.

"இது என்ன பாஷை?"

"ஒரு பாஷையும் இல்லை சேர்."

அவர் கோபப்படவில்லை. அந்தப் பெண் செத்திருந்தால் கப்பலின் பெயர் போயிருக்கும், கேட்டது குற்றமில்லை என்றார். ஆனால் கேட்க வேண்டி வந்தது குற்றம். இங்கே முந்நூறு பேர் சாப்பிடுகிறார்கள். தினமும் இடம் மாறுவார்கள், மேசை மாறுவார்கள். எழுதாதவனை வைத்துக்கொண்டு தான் நித்திரை கொள்ள ஏலாது என்றார். நியாயம்தான். சாப்பிட்டுவிட்டுப் போ என்று சொன்னார். றால் சூப்தான் மிச்சம் இருந்தது. குசினிக்குப் பக்கத்தில் நின்றபடி குடித்தேன். நல்ல சூப்.

கூட்டாளி லோஞ்சில் காத்திருந்தான். என் முகத்தைப் பார்த்துவிட்டு எஞ்சினைத் தொடக்கினான். கரை வந்த பிறகுதான் கேட்டான். சொன்னேன். ஒரு கரண்டி சூப்புக்கு லண்டனை வித்தவன் என்று அதற்குப் பிறகு ஜெட்டி முழுக்கச் சொல்லித் திரிந்தான்.

வீட்டில் நான் சொன்ன எல்லாவற்றையும் மனைவி கேட்டு முடித்தாள்.

"அப்ப நீங்கள் கேக்காட்டியும் ஒண்டும் நடந்திராது," என்றாள்.

"ஓம்."

"சரியாத்தான் வைச்சிருக்கிறியள்."

"ஓம். கேட்ட பிறகுதான் அது தெரிஞ்சது."

அவள் எழும்பிக் கிணற்றடிக்குப் போனாள். இரண்டு நாள் பிள்ளைகளை வைத்துத்தான் என்னோடு கதைத்தாள். மூன்றாம் நாள் நான் ஜெட்டிக்குப் போகும்போது தேத்தண்ணியைத் தானே கொண்டு வந்து தந்தாள். அந்தக் கதையை நாங்கள் மறுபடி எடுக்கவில்லை.

நான் பிறகு மேசைக்கு நிற்கவில்லை. மூட்டைதான். நினைத்தால் சில நாள் கோபம் வரும். அந்தப் பெண் உள்ளே, றால் சூப்பின் முன்னால் இருந்திருந்தால் ஒரு உயிரைக் காப்பாற்றினேன் என்று சொல்லலாம். அவர் வெளியே இருந்தார். ஆகவே நான் காப்பாற்றியது ஒன்றும் இல்லை. ஆனால் அந்தக் கரண்டி வாய்க்குப் போகிறதைப் பார்த்துக்கொண்டு என்னால் சுவரோடு நிற்க ஏலாமல் போனது. அது அவ்வளவுதான்.