பின்னலை அவிழ்த்த அக்கா

சேலைக்கு மேல் ஆண்களின் முழுக்கைச் சட்டை போட்டு, வயலுக்குப் போகிறவர் மாதிரித்தான் எங்கள் குடியேற்றத்துக்கு வந்தார், பின்னல் கோலாட்டம் பழக்கிய அந்த அக்கா. யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்த நாங்கள் ஒரு வரிசை வீடுகளில் இருந்தோம். மலையகத்திலிருந்து வந்தவர்கள் எதிர் வரிசையில். நடுவிலிருந்த குழாய்க்கிணற்றில் தண்ணீர் பிடித்தோமே தவிர, இரண்டு வருடமாக ஒரு கதை பேச்சு இல்லை.

அவர் நட்ட கமுகமரக் கம்பத்தின் உச்சியிலிருந்து பன்னிரண்டு கயிறுகள் தொங்கின. ஆளுக்கொன்றைப் பிடித்து எங்கள் வரிசைப் பெண்கள் வலமாகவும் எதிர் வரிசைப் பெண்கள் இடமாகவும் ஆட, கயிறு பின்னலாகும். திருப்பி ஆடினால் அவிழும். தினமும் எங்கோ சிக்கியது. யார் பிழையென்று அவர் சொன்னதே இல்லை. எனக்குப் பொறுமை போய்விட்டது.

"அக்கா, பிழை விட்டது ஆரெண்டு சொல்லுங்கோவன்."

"சொன்னால் எல்லாரும் அவாவையே பாத்துக்கொண்டு நிப்பியள். பின்னுக்கு ஆடுங்கோ."

கோயில் முன்றலில் ஊரே பார்க்க ஆடிய அன்று, நான் பக்கம் மாறித் திரும்பினேன். எதிர் வீட்டுப் பெண் என் முழங்கையைப் பிடித்து, "இந்தப் பக்கம் வாங்கக்கா" என்றாள். அவள் என்னோடு பேசிய முதல் வார்த்தை அதுதான். கடைசிச் சுற்றில் பன்னிரண்டு கயிறும் சிக்கில்லாமல் அவிழ்ந்து விழ, சனம் விசிலடித்து ஆர்ப்பரித்தது. நாங்கள் கட்டிப்பிடித்துக்கொண்டு குதித்தோம். அக்கா கயிறுகளைச் சுருட்டிக்கொண்டு பஸ் ஏறிவிட்டார்.

பழகிய நாட்களிலெல்லாம் கயிற்றைச் சிக்கவைத்ததும் நான்தானாம். குழாய்க்கிணற்றடியில் எதிர் வீட்டுக்காரி இப்போது சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாள். அந்த அக்காவுக்கு அது முதல் நாளே தெரிந்திருக்கும்.