வெள்ளிக்கிழமையைத் தாங்கும் டிஸ்க்

மெயில் செர்வருக்கு, தகவலைச் சேமித்துவைக்கிற எஸ்எஸ்டி டிஸ்க் ஒன்று வாங்கியதைப் பற்றி இவ்வளவு உற்சாகமாகப் பேசுகிறவளை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். என் கல்யாணப் புடவைக்குக்கூட நான் அத்தனை கடை ஏறி இறங்கவில்லை.

மும்பை தாராவியில் ஒரு தோல்பைப் பட்டறை. முதலாளி திருநெல்வேலிப் பக்கத்து பாய். அங்கே கம்ப்யூட்டர் வேலையெல்லாம் என் பொறுப்பு. ஆர்டர்கள் பட்டறையிலேயே இருந்த சொந்த மெயில் செர்வருக்குத்தான் வரும். பெரிய வெளிநாட்டு பார்ட்டி ஒருவர் அனுப்பிய மெயில் இரண்டு முறை காணாமல் போனது. உங்கள் செர்வர் வாங்கிக்கொண்டதே என்று அவர் சத்தியம் செய்தார். இன்னொரு முறை இப்படி நடந்தால் வேறு ஆளைப் பார்ப்பேன் என்றும் சொல்லிவிட்டார். அவர் போனால் மேல்மாடித் தையல்காரர்கள் அத்தனை பேரையும் பாய் வீட்டுக்கு அனுப்ப வேண்டியதுதான்.

காரணத்தை ஒரு வெள்ளிக்கிழமை என் கண்ணாலேயே பார்த்தேன். ஜும்ஆ தொழுகைக்குக் கிளம்பும்போது கடைசியாக இறங்குகிறவர் மெயின் சுவிட்சை இழுத்துவிடுவார். தோலும் பசையும் கிடக்கிற இடம், தீப்பிடிக்கும் என்ற பயம். நியாயம்தான். ஆனால் செர்வர்? யூபிஎஸ் இருக்கிறதே என்று பார்த்தால், அதில் டீ கெட்டிலைச் செருகி பேட்டரியைக் கொன்றுவைத்திருந்தார்கள். வந்த கோபத்தில் கெட்டிலைத் தெருவில் வீசியிருப்பேன்.

செர்வர் அணைந்திருக்கும்போது வருகிற மெயில் தொலையாது. அனுப்பியவர் பக்கமே காத்திருந்து மறுபடி வரும். ஆபத்தெல்லாம் செர்வர் "வாங்கிக்கொண்டேன்" என்று சொன்ன அந்த நொடியில்தான். அங்கிருந்த மலிவு எஸ்எஸ்டி, எழுதி முடிப்பதற்கு முன்பே எழுதிவிட்டேன் என்று புளுகுகிற ரகம். கரண்ட் போனால் கையிலிருந்ததும் போச்சு. எனக்கு வேண்டியது வேறு ரகம். உள்ளே குட்டிக் குட்டிக் கெபாசிட்டர்கள் இருக்கும். கரண்ட் போனாலும் அவற்றில் சேர்ந்திருக்கும் மின்சாரத்தை வைத்து, கையிலிருப்பதை எழுதி முடித்துவிட்டுத்தான் அணையும்.

கம்ப்யூட்டர் சாமான் கடைகள் நிறைந்த லாமிங்டன் ரோட்டில் கடைக்குக் கடை கலர் விளக்கு எரிகிற ஒன்றையே நீட்டினார்கள். "ஏக்தம் ராக்கெட் ஹை, மேடம்!" ராக்கெட் வேகமாம். செர்வர் என்ன டிஸ்கோவா ஆடப்போகிறது? கடைசியில் ஒரு கடையின் அடித்தட்டில், பார்க்க ஒரு லட்சணமும் இல்லாத என் டிஸ்க் கிடைத்தது. மின்தடைப் பாதுகாப்பு உண்டு என்று அட்டையில் படித்ததும் கடையிலேயே கைதட்டிவிட்டேன்.

பாய் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "என்னம்மா, விலையும் கூட, இடமும் பாதிதான இருக்கு?"

"பாய், இது உங்க வெள்ளிக்கிழமையைத் தாங்கும். ஆனாலும் புது யூபிஎஸ் வர்ற வரைக்கும் மெயினைத் தொட்டுராதீங்க."

"இனிமே தொடுவனா!"

டிஸ்க்கைப் பொருத்திவிட்டு வந்தேன். அந்த வாரமே வெள்ளிக்கிழமை மதியம் மாட்டுங்காவில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது பாயிடமிருந்து போன்.

"எம்மா, எல்லாம் போச்சு. கை தானா மேல போயிட்டு. மெயினை இழுத்துட்டேன்."

ஆர்டரை இப்போதுதான் அனுப்பினேன் என்று பார்ட்டி போனில் சொன்னாராம். அந்தச் சந்தோஷத்தில் தொப்பியை எடுத்துக்கொண்டு ஓடியவர், பழக்க தோஷத்தில் சுவிட்சை இழுத்திருக்கிறார். தொழுகை முடிந்து செருப்பு மாட்டும்போதுதான் உறைத்ததாம். மறுபடி அனுப்புங்கள் என்று எந்த முகத்தோடு கேட்பது?

சாம்பார் ஊற்றிய சோற்றை அப்படியே விட்டுவிட்டு டாக்ஸி பிடித்தேன். இந்த டிஸ்க்கும் புளுகியிருந்தால்? அட்டையில் போட்டிருந்ததை நம்பித்தானே வாங்கினேன்? கூடவே, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஒரே குஷி. என் டிஸ்க்குக்கு அசல் பரீட்சை வந்துவிட்டதே!

மெயினைப் போட்டோம். செர்வர் எழுந்திருக்கும் வரை பாய் என் நாற்காலி முதுகைப் பிடித்தபடி நின்றார். தையல்காரர்கள் படியில் கூடிவிட்டார்கள். தங்கள் வேலைதான் அந்தத் திரையில் ஊசலாடுகிறது என்று அவர்களுக்குத் தெரியாது. பாய் யாரிடமும் மூச்சு விடவில்லை.

மெயில் பெட்டி திறந்தது. எல்லாவற்றுக்கும் மேலே அந்த ஆர்டர், இணைத்து அனுப்பிய படங்களோடு முழுசாக இருந்தது. "பாய், இருக்கு!" என்று கத்தினேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார். துடைத்து முடிக்க ரொம்ப நேரமாயிற்று. பிறகு படிப்பக்கம் திரும்பினார்.

"என்னப்பா பாத்துட்டு நிக்கிய? மேல போய் மெஷின்ல உக்காருங்க. வேலை வந்துட்டு."