நோன்பு தெரிந்தவனுக்கு ஆபரேஷன் எதற்கு

எனக்கு வயிற்றில் ஆபரேஷன் செய்யப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் செஞ்சியிலிருந்து பஸ் ஏறி வந்தவர் என் அக்கா, உங்கள் அத்தை. செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிட்டார்.

"நாளு பூரா வெந்நீர மட்டும் குடிச்சிக்கினு உபவாசம் இருக்கறவன்டா நீ. வாயக் கட்டத் தெரிஞ்சவனுக்கு வயித்த எதுக்கு வெட்டணும்? ஊர்ல சிரிக்க மாட்டாங்க?"

அதற்குள் உங்கள் அம்மா சமையலறையிலிருந்து சொன்னாள்: "உபவாசம் முடிஞ்ச மறுநாள் காலைல எத்தினி இட்லி உள்ள போவுதுன்னு கேளுங்க அண்ணி. சுட்டுக்கினு நிக்கிறவ நான்தான்."

இரண்டு பேரும் சொன்னது உண்மைதான். நம் ஜைனக் குடும்பங்களில் பொழுது சாய்ந்தால் சாப்பாடு கிடையாது, சதுர்த்தசி வந்தால் உபவாசம். நானும் சின்ன வயதிலிருந்து விட்டதில்லை. ஆனாலும் திண்டிவனத்தில் வேர்க்கடலை வாங்கி விற்கும் மல்லாட்டை மண்டி வைத்து உட்கார்ந்த பிறகு உடம்பு ஏறிக்கொண்டே போனது. சர்க்கரை வந்தது. படுத்தால் மூச்சு அடைத்தது, அதனால் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கினேன். தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறது, இதயம் தாங்காது என்று விழுப்புரத்தில் டாக்டரம்மா சொன்ன பிறகுதான் எனக்குப் பயம் வந்தது. நீங்கள் இரண்டு பேரும் அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தீர்கள்.

அந்த அம்மா எதையும் அவசரப்படுத்தவில்லை. என்னென்ன வழி இருக்கிறது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். எனக்குப் புரிந்த மாதிரியே உங்களுக்கும் எழுதுகிறேன்.

முதலில் நான் கேட்டது பலூன். வாய் வழியாக உள்ளே விட்டு, இரைப்பைக்குள் ஊதி வைப்பது. வெட்டு இல்லை, பிடிக்காவிட்டால் எடுத்துவிடலாமே என்று நினைத்தேன். "சில மாசத்துல எடுத்தே ஆகணுங்க. எடுத்தா பசி திரும்பிடும், எடையும் பெரும்பாலும் திரும்பிடும்" என்றார். வாரம் ஒரு தடவை போடும் ஊசி உண்டு. அது நல்ல மருந்துதான், சிலருக்கு அதுவே போதும், ஆனால் நிறுத்தினால் எடை திரும்புகிறது என்றார். எனக்கு அந்த ஊசி வாந்தியாக வந்தது, தொடர முடியவில்லை.

அடுத்தது ஸ்லீவ். ஒரு கோணிப்பையை நீளவாக்கில் தைத்துக் குழாய் மாதிரி ஆக்கி, மீதிப் பையை வெட்டி எடுத்துவிடுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். இரைப்பையை அப்படிச் செய்கிறார்கள். வெட்டியதைத் திரும்ப ஒட்ட முடியாது. கடைசியாகச் சொன்னது பைபாஸ். இரைப்பையின் மேல்பக்கத்தில் சின்னப் பை ஒன்றைப் பிரித்து, அதைக் கீழே குடலோடு நேராக இணைப்பது. "திருச்சி போற வண்டி திண்டிவனம் ஊருக்குள்ள நுழையாம வெளியவே போவுதில்லீங்களா, அது மாதிரி" என்றார். சர்க்கரைக்கு அது ரொம்பக் கேட்கும். ஆனால் சத்து சேர்வது குறையும். இரும்பு, கால்சியம், வைட்டமின் மாத்திரைகளைக் காலம் முழுக்க விடக்கூடாது.

எனக்கு ஸ்லீவ்தான் மனதுக்குப் பிடித்தது, வேலை சுருக்கம் என்று. ஆனால் வாய் வழியாகக் கேமரா விட்டுப் பார்த்ததில் அமிலம் மேலே ஏறி உணவுக்குழாய் புண்ணாகி இருந்தது. ஸ்லீவ் செய்தால் அது இன்னும் மோசமாகலாமாம். ஆக, பைபாஸ் என்று முடிவானது. கசிவு, ரத்தக்கட்டு போன்ற ஆபத்துகளையும் மறைக்காமல் சொன்னார்.

அத்தை கேட்டதை நானும் அவரிடம் கேட்டேன். இத்தனை உபவாசம் இருந்தும் ஏன் இளைக்கவில்லை?

"எடை குறையக் குறைய உங்க உடம்பு பயந்துக்கினு பசியக் கூட்டும். அது உங்க மனசோட தப்பு இல்லீங்க. ஆபரேஷன் வயித்த மட்டும் சின்னதாக்கல, குடல்லேருந்து மூளைக்குப் போற பசிச் சேதியையும் மாத்துது."

ஆபரேஷனுக்கு முன் இரண்டு வாரம் திட உணவு கூடாது. மோரில் புரோட்டீன் பவுடர், பருப்புத் தண்ணீர் என்று வேளைக்கு வேளை குடிக்க வேண்டும். கல்லீரல் சுருங்கினால்தான் உள்ளே இடம் தெரியுமாம். அதற்கு ஏற்றபடி சர்க்கரை மாத்திரையையும் குறைத்துக் கொடுத்தார்கள்.

நடுவில் சதுர்த்தசி வந்தது. குறைத்துக் குடித்தால் நல்லது என்றால், ஒன்றுமே குடிக்காவிட்டால் இன்னும் நல்லதுதானே என்று எனக்குத் தோன்றியது. மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டு, வெந்நீரோடு மண்டிக்குப் போனேன். மதியம் மல்லாட்டை மூட்டை எடை போடும்போது கை நடுங்கியது, சட்டை நனைந்தது, எடைக்கல் இரண்டாகத் தெரிந்தது. மூட்டையின் மேல் அப்படியே சாய்ந்துவிட்டேன். வெறும் வயிற்றில் மாத்திரை போட்டதில் ரத்தத்தில் சர்க்கரை ஒரேயடியாக இறங்கிவிட்டதாம். உங்கள் அம்மா வந்து என் வாயில் சர்க்கரையைக் கரைத்து ஊற்றியிருக்கிறாள்.

மறுநாள் டாக்டரம்மா ஆபரேஷனைத் தள்ளி வைத்துவிட்டார். கோபமே படவில்லை.

"பட்டினி கிடக்கத் தெரியும்னு காட்டிட்டீங்க. எனக்கு அது வேணாம். உங்களுக்குச் சாப்பிடத் தெரியுமான்னு பாக்கணும். ஆபரேஷன் முடிஞ்சப்புறம் பசி இருக்காது, ஆனா மணிக்கு மணி கொஞ்சமா உள்ள போயே ஆகணும். அது முடியாதவருக்கு நான் கத்தி வெக்க மாட்டேன். மறுபடி ரெண்டு வாரம். அப்புறம் பாக்கலாம்."

சத்துணவு பார்க்கும் பெண்ணிடம் போனேன். அவர் தந்த அட்டவணையில் முட்டையும் மீனும் இருந்தன, கடைசி வேளை ராத்திரியில் இருந்தது. நம் வழக்கத்தைச் சொன்னேன். "இதை முதல்லியே சொல்றதுக்கென்னங்க சார்" என்று அவற்றைக் கோடு போட்டு அடித்துவிட்டு, பனீர், சோயா, பாசிப்பயறு என்று மாற்றினார். எல்லா வேளையையும் விடியலில் ஆரம்பித்துப் பொழுது சாய்வதற்குள் அடக்கிவிட்டார். உறை போட்ட மாத்திரை வேண்டாம், அந்த உறை எலும்பிலிருந்து வருவது என்றேன். அதற்கும் வேறு இருந்தது. நான் வாயைத் திறந்து கேட்காததுதான் குறை.

அந்த இரண்டு வாரத்திலும் ஒரு சதுர்த்தசி இருந்தது. அத்தை போனில் கேட்டார்.

"இன்னிக்குமாடா குடிக்கப் போற?"

"குடிக்கத்தான்க்கா போறேன். ஆபரேஷன் ஆயி தேறட்டும், டாக்டர் சரின்னா உபவாசம் இருக்கேன்."

"சாமிக்குக் கணக்குச் சொல்லிக்க" என்று வைத்துவிட்டார்.

டம்ளரில் மோரை ஊற்றிப் பவுடரைக் கரைத்தேன். பிறகு குடித்தேன். அடுத்த வேளைக்கும் குடித்தேன்.

டாக்டரம்மா ஸ்கேனைப் பார்த்தார். கல்லீரல் நன்றாகச் சுருங்கியிருந்தது.

"இந்தத் தடவ சதுர்த்தசி வரலீங்களா?"

"வந்துச்சுங்க. வேளைக்கு வேளை குடிச்சேன்."

"கஷ்டமா இருந்துச்சா?"

"பட்டினி கிடக்கறதவிடக் கஷ்டங்க."

சிரித்துவிட்டு ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்.

ஆபரேஷன் முடிந்த மறுநாளே நடக்க வைத்தார்கள். இப்போது ஒரு சின்னக் கிண்ணம் போதும், மென்று சாப்பிட அரை மணி ஆகிறது. சாப்பாட்டோடு தண்ணீர் குடிப்பதில்லை. ஜாங்கிரி ஒரு துண்டு அதிகமானால் வியர்த்துத் தலை சுற்றும், அதனால் கல்யாண வீடுகளில் எனக்கு ஆபத்தே இலையின் ஓரத்தில்தான். சர்க்கரை மாத்திரை நின்றது. நான் கட்டிலில் நீட்டிப் படுத்துத் தூங்குகிறேன். எடை கொஞ்சம் திரும்பலாம் என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார், அதனால் பரிசோதனைக்குப் போகாமல் இருப்பதில்லை.

உங்களில் ஒருவருக்கு என் உடம்பு வாய்த்திருக்கலாம். யாராவது வாயைக் கட்டச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள், ஆனால் வெட்கப்பட்டு வருஷத்தைக் கடத்தாதீர்கள். ஸ்லீவோ, பைபாஸோ, ஊசியோ, எதுவுமே வேண்டாமோ, அதைப் பரிசோதித்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும். என்னிடம் சொல்லுங்கள், டாக்டரிடம் நானும் கூட வருகிறேன்.