ஜூ பார்க்க வந்த இரண்டு பேர்

போன ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு நீங்கள் திருவனந்தபுரம் தம்பானூர் ரயில்வே ஸ்டேஷன் பக்கம் வந்திருந்தால், புத்தகக் கடை ஓரமாக ஐம்பது வயது ஆசாமி ஒருவர் பேப்பரால் முகத்தை மறைத்துக்கொண்டு நின்றதைப் பார்த்திருப்பீர்கள். திருடன் என்று நினைத்திருந்தால் தப்பில்லை. நான்தான் அது.

எதற்கு ஒளிய வேண்டும்? ஸ்டேஷனுக்கு எதிரே பஸ் ஸ்டாண்ட். அங்கே கண்டக்டராக இருப்பவர் தாசன். எங்கள் ஃபுட்பால் கிளப்பின் கோச். அவருக்குத் தெரியாமல், அவருக்குக் கொடுத்த வாக்கை மீறி, வடக்கேயிருந்து இரண்டு ஆட்டக்காரர்களை வரவழைத்திருந்தேன். ரயில் இன்னும் வரவில்லை. எனக்கு வியர்த்துக்கொண்டிருந்தது.

நான் அந்த கிளப்பின் செக்ரட்டரி. பந்தை உதைக்கத் தெரியாது... மினிட்ஸ் எழுதத் தெரியும். செக்ரட்டரி ஆக அது போதாதா?

கிளப் ஆரியசாலை வியாபாரிகளுடையது. மிளகாய், கொப்பரை, வெல்லம் என்று மொத்த வியாபாரம் செய்கிறவர்கள். தலைவர் மிளகாய் மண்டி சங்கரலிங்கம் அண்ணாச்சி. கிளப்பின் ஆபீஸும் அவர் மண்டியின் மாடியில்தான். கீழே மூட்டை, மேலே ஜெர்ஸி. எங்கள் டீம் ஜெர்ஸியை உதறி மாட்டினால் பதினோரு பேரும் தும்முவார்கள். எதிர் டீமும் சேர்ந்து தும்முவது உண்டு.

வியாபாரிகள் கிளப்பையும் வியாபாரம் மாதிரியே நடத்தினார்கள். ஓணத்துக்கு ஒரு மாதம் முன்னால் சரக்கு எடுக்கிறார்கள் இல்லையா? அதேபோல லீக்குக்கு ஒரு மாதம் முன்னால் ஆட்டக்காரர்களை எடுப்பார்கள். கண்ணூரிலிருந்து ஒருவர், மலப்புரத்திலிருந்து இரண்டு பேர். கெஸ்ட் பிளேயர் என்று பெயர். சீசன் முடிந்தால் அவரவர் ஊருக்கு ரயில் ஏறிவிடுவார்கள். அடுத்த வருடம் புதுச் சரக்கு. போன வருடம் நமக்காக கோல் போட்டவரே இந்த வருடம் நம் வலைக்குள் போட்டுவிட்டு, பழைய பழக்கத்தில் நம்மைப் பார்த்துச் சிரிப்பார்.

இப்படியே ஏ டிவிஷனிலிருந்து பி டிவிஷனுக்கு இறங்கினோம். பத்து வருடமாக கிளப் நடக்கிறது, எங்களுக்கென்று சொந்தமாக ஒரு கோல் கீப்பர்கூட இல்லை.

அப்போதுதான் தாசன் வந்தார். மலையாளி, ஒரு காலத்தில் நல்ல கோல் கீப்பர். பொதுக்குழுவில் மூன்றே மூன்று விஷயம் சொன்னார். மூன்று வருடம் வேண்டும். கெஸ்ட் பிளேயர் ஒருவர்கூட வேண்டாம். ஜெயித்தோமா என்று யாரும் கேட்க வேண்டாம். எல்லோரும் கை தூக்கினோம். தீர்மானத்தை அழகாக எழுதிக் கீழே கையெழுத்துப் போட்டவன் நான்.

தாசன் ஆள் தேடியது எங்கே தெரியுமா? எங்கள் தெருவிலேயே. மூட்டை தூக்குகிறவர்கள், கட்டட வேலைக்காரர்கள், ஹோட்டலில் வேலை பார்ப்பவர்கள். எல்லாம் வள்ளியூர், நாங்குநேரி, நாகர்கோவில் பக்கத்து ஆட்கள். ஊரில் பந்து விளையாடிவிட்டு, பிழைக்க வந்த இடத்தில் அதை மறந்துவிட்டவர்கள். இவர்களுக்கு எப்போது ஓய்வு? மத்தியானச் சாப்பாட்டுக்கும் சாயங்கால டீக்கும் நடுவில். அதனால் பிராக்டிஸ் இரண்டரை மணிக்கு. மண்டை பிளக்கிற வெயிலில் ஓடுகிற டீம் இந்தத் திருவனந்தபுரத்திலேயே எங்களுடையது ஒன்றுதான். மற்ற டீம்காரர்கள் பஸ்ஸிலிருந்து எட்டிப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போவார்கள்.

முதல் வருடம் கணக்கில்லாமல் தோற்றோம். இரண்டாவது வருடம் கொஞ்சம் குறைவாகத் தோற்றோம். கடைசி மேட்ச் ஞாயிற்றுக்கிழமை. டிரா செய்தால் பி டிவிஷனில் இருப்போம். தோற்றால் சி டிவிஷன்.

வெள்ளிக்கிழமை அண்ணாச்சி கூப்பிட்டு அனுப்பினார்.

"என்னவே செக்ரட்டரி, மூணு வருசம் மூணு வருசம்னு சொல்லியே காலத்தை ஓட்டுதீரு. குண்டூர் லோடு வருது, எறக்க எடமில்ல. ஞாயித்துக்கிழமை தோத்தா திங்கக்கிழமை மொளகா மூட்டை மாடிக்கு ஏறும். கிளப்பு போர்டையும் கழத்திருவோம். மனசுல வச்சிக்கிடும்."

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் பயமாக இருந்தது. நேராக எஸ்.டி.டி. பூத்துக்குப் போனேன். கோழிக்கோட்டில் இருக்கும் ஒரு பழைய ஏஜென்டுக்கு போன் போட்டேன். விதிப்படி வெளியூர்க்காரர் இரண்டு பேரை மேட்ச் அன்று காலைகூடச் சேர்க்கலாம். ஒரு லெஃப்ட் பேக், ஒரு ஃபார்வர்ட் வேண்டும் என்றேன். அண்ணாச்சிக்குச் சொல்லவில்லை, தாசனுக்கும் சொல்லவில்லை. பொறுமைக்குக் கை தூக்குவது சுலபம்... தூக்கிய கையை அப்படியே வைத்திருப்பது எவ்வளவு வலிக்கிறது என்று வெள்ளிக்கிழமை சாயங்காலம் எனக்குத் தெரிந்தது.

ரயில் வந்தது. ஆட்களை அடையாளம் காண்பதில் கஷ்டமே இல்லை. இரண்டு பேருமே பூட்ஸை லேஸால் கட்டித் தோள்பையில் தொங்கவிட்டிருந்தார்கள். நல்ல பையன்கள், நல்ல பசி. பக்கத்திலிருந்த ஹோட்டலுக்கு அழைத்துக்கொண்டு போனேன். அவசரத்தில் ஒன்றை மறந்துவிட்டேன்.

எங்கள் லெஃப்ட் பேக் செல்வன் பரோட்டா போடுவது அந்த ஹோட்டலில்தான்.

கல்லுக்கு முன்னால் நின்றவன் என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தான். "சார் வாங்க. கூட வந்தவிய ஆரு? நல்லா சாப்பிடட்டும்" என்று, கேட்காமலே ஆளுக்கு இரண்டு பரோட்டா கூட வைத்தான். கெஸ்ட் லெஃப்ட் பேக் ரசித்துச் சாப்பிட்டார். நான் என் பரோட்டாவைப் பிய்த்துப் பிய்த்துத் தட்டிலேயே போட்டுக்கொண்டிருந்தேன்.

அந்த நேரம் பார்த்து, முதல் டிரிப்பை முடித்துவிட்டுத் தோளில் தோல்பையோடு தாசன் டீ குடிக்க வந்தார். மேஜையைப் பார்த்தார். பூட்ஸைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். சத்தம் போடுவார் என்று எதிர்பார்த்தேன். டீயை வாங்கிக்கொண்டு என்னை வாசல் பக்கம் கூப்பிட்டார்.

"சாரே, ஒரு காரியம். இவங்க ரெண்டு பேரு எறங்கினா நம்மாளு ரெண்டு பேரு வெளியில இரிக்கணும். எறக்கணும்னா எறக்கிக்கோ. பட்சே, அந்த ரெண்டு பேருகிட்ட விஷயத்தை சாரே போயிப் பறயணும். அது என்னைக்கொண்டு ஆகாது."

அவ்வளவுதான். டீயை முடித்துவிட்டு அடுத்த டிரிப்புக்குப் போய்விட்டார்.

நான் பரோட்டாக் கல் பக்கம் போனேன். "செல்வா, இன்னைக்கு நீ வெளியே." இதைச் சொல்ல எவ்வளவு நேரமாகும்? வாயைத் திறந்தேன். அவன் முந்திக்கொண்டான்.

"சார், சாயங்காலத்து மாவையும் இப்பமே பெசஞ்சு வச்சாச்சு. மூணு மணிக்கு எறங்கிருவேன்னு மொதலாளிட்ட சொல்லிட்டேன். ஊர்லேந்து எங்க அண்ணனும் வாரான் மேட்ச் பாக்க."

"சரி செல்வா" என்றேன்.

மேஜைக்குத் திரும்பி, கெஸ்ட்கள் இரண்டு பேரிடமும் உண்மையைச் சொன்னேன். ஒரு தப்பு நடந்துவிட்டது, உங்களை இறக்க முடியாது, மன்னித்துக்கொள்ளுங்கள் என்று. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். திரும்பும் ரயில் சாயங்காலம்தான், அதுவரை என்ன செய்வது? ஜூவில் புலி இருக்கிறதா என்று ஒருவர் கேட்டார். இருக்கிறது என்றேன். ஆட்டோ பிடித்து ஏற்றிவிட்டேன்.

நாலு மணிக்கு மேட்ச். எதிரே ஒரு பெரிய ஆபீஸின் டீம். வாட்டசாட்டமான ஆட்கள். முதல் பாதி முழுக்க பந்து எங்கள் பக்கத்திலேயே இருந்தது. நான் கடிகாரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டாவது பாதியில் செல்வன் வழுக்கி விழுந்தான். அவர்கள் ஆள் அடித்த பந்து போஸ்ட்டில் பட்டுத் திரும்பியது. ஒன்றை ஒப்புக்கொள்கிறேன்... அந்த நொடியில் நான் ஜூவைத்தான் நினைத்தேன். புலிக்கூண்டு முன்னால் ஒரு நல்ல லெஃப்ட் பேக் சும்மா நிற்கிறாரே என்று.

விழுந்த செல்வனே எழுந்து ஓடி, திரும்பி வந்த பந்தை ஓங்கி ஒரு உதை விட்டான். பந்து மதில் தாண்டி வெளியே ஆட்டோ ஸ்டாண்டில் போய் விழுந்தது. அதை எடுத்துக்கொண்டு வர இரண்டு நிமிடம் ஆயிற்று. அந்த இரண்டு நிமிடத்தில்தான் கவனித்தேன். எதிர் டீமில் பாதிப் பேர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள். இரண்டரை மணி வெயிலில் இரண்டு வருடம் ஓடியவர்களுக்கு நாலு மணி வெயில் என்ன செய்யும்? கடைசி இருபது நிமிடம் பந்து எங்கள் பக்கம் வரவே இல்லை.

ஜீரோ – ஜீரோ.

விசில் ஊதியதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. கோலே விழாத ஒரு மேட்ச்சுக்கு அழுகிற மனிதனை தாசன் அப்போதுதான் முதல் தடவையாகப் பார்த்திருப்பார். பக்கத்தில் வந்து நின்றார். "அடுத்த வருஷம் கொஞ்சம் கோல் அடிக்கப் படிப்பிக்கலாம் சாரே" என்றார்.

பூத்திலிருந்து அண்ணாச்சிக்கு போன் போட்டேன்.

"செயிச்சோமா?"

"இல்லை அண்ணாச்சி."

"தோத்துட்டோமா?"

"அதுவும் இல்லை."

"அப்போ மூட்டைய மாடிக்கு ஏத்த வேண்டாங்கீரு" என்றார். வேண்டாம் என்றேன். "நல்லது. லோடுக்கு வேற எடம் பாக்கேன். அந்தக் கண்டக்டரு மூணாவது வருசத்தையும் பாக்கட்டும்." போனை வைப்பதற்கு முன்னால் பெரிதாக ஒரு பெருமூச்சு கேட்டது. கிளப் போய்விடுமோ என்று எனக்கு இருந்த அதே பயம்தான் அவருக்கும் போலிருக்கிறது. இது முன்னாலேயே தெரிந்திருந்தால் நான் ஸ்டேஷன் பக்கமே போயிருக்க மாட்டேன்.

உறை ஊற்றிய பாலை அரை மணிக்கு ஒரு தரம் ஆட்டிப் பார்த்தால் அது எப்போது தயிராகும்? இதை நம் வீட்டுப் பெண்கள் எல்லோரும் அறிவார்கள். ஒரு கிளப்பின் செக்ரட்டரிக்கு இது தெரிய இரண்டு வருடமும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் தேவைப்பட்டது.

ஆறரை மணிக்கு அதே ஹோட்டலுக்குப் போனேன். காலையிலிருந்து சாப்பிடவில்லை, நல்ல பசி. செல்வன் அதற்குள் குளித்துவிட்டுக் கல்லுக்கு முன்னால் வந்து நின்றுவிட்டான். முழங்காலில் மட்டும் ஒரு பிளாஸ்திரி.

"சார், காலைல வந்தவிய ஆரு?"

"தெரிஞ்சவங்கப்பா. ஜூ பார்க்க வந்தாங்க."

"அப்படியா" என்று பரோட்டாவைத் திருப்பிப் போட்டான். தலையைத் தூக்காமல் கேட்டான்.

"பூட்ஸோடயா சார்?"

அவன் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. காலையில் அவர்களுக்கு வைத்த மாதிரியே, கேட்காமலே என் தட்டிலும் இரண்டு கூட வைத்தான்.