கையெழுத்துப் போடத் தெரியாத கணினி

மருத்துவமனையின் கணினிப் பிரிவில் இருபது வருடமாகக் குப்பை கொட்டும் அவளுக்கு 'அவசரப்படாத அக்கா' என்று பட்டப்பெயர். புதிதாக எது வந்தாலும் நாலு நாள் முறைத்துப் பார்த்துவிட்டுத்தான் தொடுவாள். இந்த முறை அவளுக்கே அவசரம். எவனோ ஒரு கில்லாடி பெரிய டாக்டரின் பெயரில் போலி மின்னஞ்சல் அனுப்பி, பாதிப் பேரின் கடவுச்சொல்லைக் கறந்துவிட்டான். அதனால் புது நெறிமுறை. மருத்துவமனை பெயரில் போகும் ஒவ்வொரு மடலிலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு கையெழுத்து இருக்க வேண்டும். இல்லையென்றால் போய்ச் சேரும் இடத்திலேயே குப்பைக்குப் போய்விடும்.

அதை அமல்படுத்துமுன் ஒரு மாதம் வேவு பார்த்தாள். எல்லாப் பிரிவும் ஒழுங்காகக் கையெழுத்துப் போட்டது. எங்கோ ஒரு கணினி மட்டும் தினமும் விடியற்காலையில் ஒன்பது மடல்களை மொட்டையாக அனுப்பிக்கொண்டிருந்தது.

"ஒரே ஒரு கணினிதானேம்மா? திங்கக்கிழமை அமல்படுத்திருவோம்," என்றார் மேலாளர்.

"அது யாருன்னு தெரியாம என் கை அந்தப் பொத்தானுக்குப் போகாது சார்."

அவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். வைத்துக்கொள்ளட்டும். அவள் ஒயர் போகும் வழியே மாடி மாடியாக ஏறி இறங்கினாள், முழங்கால் கெஞ்சியது. மூன்றாம் நாள், டயாலிசிஸ் பிரிவில் போர்வை அலமாரிக்குப் பின்னால் ஆசாமி அகப்பட்டார். ஒரு பழைய கணினி, விரல்கடை தூசியோடு.

"ஐயோ அக்கா, அதைத் தொட்டுறாதீங்க!" என்று தலைமை நர்ஸ் ஓடி வந்தாள். "காலையில எந்த நோயாளி எத்தனை மணிக்கு ரத்தம் சுத்திகரிச்சுக்க வரணும்னு அதுதான் மடல் அனுப்புது. நேரம் தினமும் மாறும். ஒரு தடவை தவறினாலும் அவங்களுக்கு மூச்சு முட்டிரும்."

அக்கா நீட்டிய கையை இழுத்துக்கொண்டாள். திங்கட்கிழமை பொத்தானை அழுத்தியிருந்தால்?

அந்தக் கிழட்டு இயந்திரத்துக்குக் கையெழுத்துப் போடக் கற்றுக்கொடுக்க முடியாது. அதன் மடல்களைக் கீழ்த்தளத்துப் புது சர்வரிடம் ஒப்படைக்க வைத்தாள். சர்வர் கையெழுத்திட்டு அனுப்பும். தன் முகவரிக்கே அனுப்பிச் சோதித்தாள், சரியாக வந்தது. மறுநாள் மாலை நெறிமுறையை அமல்படுத்தினாள்.

அதற்கடுத்த நாள் விடிந்ததும் டயாலிசிஸ் வாசலில் போய் நின்றுகொண்டாள். ஒவ்வொருவராக வந்தார்கள். எட்டுப் படுக்கை நிரம்பியது. ஒன்பதாவது காலி.

ஆறரை. ஆறே முக்கால். பழையபடி மாற்றிவிடலாமா என்று படியிறங்கப் போனவளின் மேல் ஒரு பெரியவர் மூச்சிரைக்க வந்து மோதினார்.

"மன்னிச்சிரும்மா, பஸ் லேட்டு!"

"ஐயா, மடல் வந்துச்சா உங்களுக்கு?"

"வராமலா இந்த ஓட்டம் ஓடி வரேன்?"

அவள் படியிலேயே உட்கார்ந்து, சிரிப்பும் அழுகையுமாக, அவர் கைப்பையை வாங்கிக்கொண்டாள்.