ஓரத்து இடம்

போடியிலிருந்து மலையேறும் ஜீப்பில் பின்பக்க ஓரம் என்னுடைய இடம். வளைவுகளில் எனக்குக் குடலைப் பிரட்டும். வாந்தி எடுக்கிறவளுக்குத்தான் ஓரம் என்பது ஏலத்தோட்ட வேலைக்குப் போகும் பெண்களுக்குள் எழுதாத சட்டம். காலையில் என் தூக்குவாளியை அங்கே வைத்துவிட்டால் ஒருத்தியும் நகர்த்த மாட்டாள். எங்கள் தெருக்காரியான என் தோழி மட்டும் தினமும் கேட்பாள். "ஒரு நாளைக்காச்சும் குடுடி. மலையப் பாத்துக்கிட்டே வர்றேன்." நான் கொடுத்ததில்லை. அவ்வளவு பெருந்தன்மை எனக்குக் கிடையாது.

கொடுத்த நாளிலும் பெருந்தன்மையால் கொடுக்கவில்லை. தூறல் விழுந்துகொண்டிருந்தது. எனக்குச் சளி. தூக்குவாளியை மடியில் வைத்துக்கொண்டு உள்ளே நகர்ந்து, "இன்னைக்கு நீ உக்காரு" என்றேன். பாதி மலையில் ஜீப் சறுக்கிக் கவிழ்ந்தது. உள்ளே இருந்தவர்கள் சிராய்ப்போடு தப்பினோம். ஓரத்தில் இருந்தவள் வெளியே விழுந்து இறந்துபோனாள்.

அதன்பிறகு நான் மலையேறவில்லை. போடியிலேயே ஒரு ஸ்டோரில் ஏலக்காய் தரம் பிரிக்கப் போனேன். அவள் வீட்டு வாசலைத் தாண்ட முடியாமல் அடுத்த தெருவைச் சுற்றிப் போவேன். ஏன் இடம் மாறினேன் என்பதை யாரிடமும் சொல்லவில்லை. பார்க்கிறவர்கள் எல்லாம், "ஒனக்கு ஆயுசு கெட்டி" என்பார்கள். பளாரென்று ஓர் அறை விடலாம் போலிருக்கும்.

இரண்டு வருஷம் கழித்து, தேவாரத்தில் வாழ்க்கைப்பட்ட அவளுடைய அக்கா அதே ஸ்டோருக்கு வேலைக்கு வந்தாள். என் பக்கத்திலேயே சுளகைப் போட்டு உட்கார்ந்தாள். வேறு இடமே கிடைக்கவில்லையா என்று எரிச்சலாக வந்தது. மூன்று நாள் தலை நிமிரவில்லை. நல்ல காயையெல்லாம் சொத்தையில் போட்டேன். நான்காம் நாள் மத்தியானச் சோற்றுக்கு உட்கார்ந்தபோது, அதற்குமேல் தாங்காமல் சொல்லிவிட்டேன்.

"அக்கா, அது என் எடம். நனையக்கூடாதுன்னு நாந்தான் அவள ஓரத்துல உக்கார வச்சேன்."

அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். அவள் கையிலிருந்த கவளத்தைக் கீழே வைத்தாள்.

"ஓரத்துலயா இருந்தா? சின்னப்பிள்ளையில பஸ்சுல சன்னலுக்கு என்கூட மல்லுக்கட்டுவா. சந்தோசமா வந்தாளா?"

இதுவரை யாரும் என்னிடம் கேட்காத கேள்வி. சந்தோஷமாகத்தான் வந்தாள். கையை வெளியே நீட்டித் தூறலைப் பிடித்து என் கழுத்தில் தெளித்தாள். "இத்தன நாளா இந்த எடத்த நீ ஒருத்தியே அனுபவிச்சிருக்க, கஞ்சப் பிசினாறி" என்று சொல்லிச் சிரித்தாள். அதையெல்லாம் அக்காவிடம் சொன்னேன்.

அக்கா அழுதாள். அழுது முடித்ததும் கோபம் வந்தது.

"அவ எப்படிக் கெடந்தான்னு ஊரே வந்து சொல்லுச்சு. எப்படி வந்தான்னு ஒருத்தியும் சொல்லலையே. ரெண்டு வருசமா இத வச்சுக்கிட்டு எங்கடி போன?"

அந்தத் திட்டில்தான் எனக்கு மூச்சு வந்தது. என் குற்றத்தை மறைக்கிறேன் என்று அவளுடைய சிரிப்பையும் சேர்த்துப் பூட்டி வைத்திருந்திருக்கிறேன். சளி பிடித்தவள் நனையாமல் உட்கார நினைத்தாள். நான் செய்தது அவ்வளவுதான். அன்று சாயங்காலம் அவள் வீட்டு வாசல் வழியாகவே நடந்து போனேன்.

இப்போதும் சில நாள் தூக்குவாளியைத் திறக்கும்போது அக்கா கேட்பாள். "கழுத்துல தண்ணி தெளிச்சாளே, அதச் சொல்லு." சொல்வேன். போன வாரம் 'கஞ்சப் பிசினாறி' என்று சொல்லும்போது எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. பயந்துபோய் அக்காவைப் பார்த்தேன். அவள் எனக்கு முன்னாலேயே சிரிக்க ஆரம்பித்திருந்தாள்.