சால்வைக்காக எழுந்த அரசர்

திருத்துறைப்பூண்டிக்கு அருகே ஒரு கோயில் திருவிழாவில், துன்பியல் நாடகங்களில் அவமானத்தின் இடம் குறித்து அரை மணி நேரம் முழங்கினேன். அரசன் உயிர்விடுவது துயரத்தால் அன்று, ஊரார் பழிக்கு நாணியே என்பது என் வாதம்.

எனக்குப் பின் நாடகம். அரசராக நடித்தவர் ஒல்லியான மனிதர். மையால் வரைந்த மீசை, காதுவரை இறங்கிய அட்டைக் கிரீடம். செத்துக் கிடக்கும்போதும் ஒரு கண்ணை அரைவாசி திறந்து வைத்திருப்பது அவர் வழக்கம்.

பெற்ற மகனே சபையில் இகழ்ந்த அவமானம் தாளாமல் அரசர் வாளில் வீழ்ந்தார். கூட்டம் விம்மியது. அந்நேரம் பார்த்து, அவருக்குப் போர்த்துவதற்காகச் சால்வையோடு மேடையேறினார் உள்ளூர் விவசாயி ஒருவர். அரசர் இறந்துவிட்டதை ஏறிய பிறகே உணர்ந்து திகைத்து நின்றார்.

"பொணத்துக்குச் சால்வை எதுக்கு மாமா? மாலை போடுங்க!" என்றது கீழிருந்து ஒரு குரல். எல்லோரும் சிரித்தார்கள்.

அரசர் எழுந்தார். கழுத்தை நீட்டிச் சால்வையை ஏற்றார், கும்பிட்டார், சால்வையோடு மறுபடியும் செத்தார்.

நாடகம் முடிந்ததும் அரசராக நடித்தவரிடம் வெகுண்டு கேட்டேன்: "அவமானத்துல செத்த ராஜா எந்திரிக்கலாமாங்க? நாடகமே கெட்டுப்போச்சே!"

"ராஜா ரெண்டு நிமிஷம் கழிச்சு சாவலாம் தம்பி. ஆசையா வந்த மனுஷன் ஊர் முன்னாடி சால்வையும் கையுமா முழிக்கிறாரு. நான் படுத்துக்கிட்டுப் பார்க்கவா?"

கிரீடத்தைக் கழற்றியபடி தொடர்ந்தார்: "நீங்க நல்லாத்தான் பேசுனீங்க. நடுவுல ஒருத்தர் சோடா கொண்டாந்தாரே, அதை வாங்கியிருக்கலாம். நீங்க முடிக்கிற வரைக்கும் நீட்டிக்கிட்டே நின்னாரு, பாவம்."

அப்படியொருவர் என் அருகில் நின்றதை இன்றுவரை என்னால் நினைவுகூர இயலவில்லை.